கடலடிக் கல்லும் பன்னிரண்டு சொற்களும்

மேற்கு பசிபிக்கில் யாப் என்றொரு தீவு. அங்கே பணம் கல்லாக இருந்தது. நம் வீட்டு ஆட்டுக்கல்லை அதன் பக்கத்தில் வைத்தால் கூழாங்கல் போலத் தெரியும். பெரிய கற்களின் குறுக்களவு பத்தடியைத் தாண்டும். எடை டன் கணக்கில். நடுவில் ஒரு துளை, கழியைச் செருகித் தோளில் தூக்கிப் போவதற்கு. யாப்பில் அந்தச் சுண்ணாம்புக்கல் கிடையாது. 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பலாவு தீவுகளுக்குப் படகில் போய், வெட்டி, வட்டமாகச் செதுக்கி, கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும். வந்த கல் வழியோரத்திலோ வீட்டு வாசலிலோ நிற்கும். கைமாறினாலும் பெரும்பாலும் இடம் மாறாது. இனி இது இன்னாருடையது என்று ஊருக்குத் தெரிந்தால் போதும்.

1903இல் அங்கே போன வில்லியம் ஃபர்னஸ் என்ற அமெரிக்கர், 1910இல் வெளியிட்ட நூலில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறார். ஊரறிந்த பணக்காரக் குடும்பம். ஆனால் அவர்களுடைய கல்லை அப்போது உயிரோடிருந்த ஒருவரும் பார்த்ததில்லை. முன்னோர் ஒருவர் அதைக் கொண்டுவரும் வழியில் புயலடித்து, கல் கடலில் மூழ்கிவிட்டது. உடன் போனவர்கள் கரை சேர்ந்து, கல் எவ்வளவு பெரியது, எவ்வளவு நேர்த்தியானது, அது மூழ்கியதில் அவர் பிழை ஏதுமில்லை என்று சாட்சி சொன்னார்கள். ஊர் ஒப்புக்கொண்டது. இரண்டு மூன்று தலைமுறையாகக் கடலடியில் கிடந்தாலும் அந்தக் கல்லின் மதிப்பு குறையவில்லை.

கணினிக் காசான பிட்காயினும் கடலடிக் கல்தான். அதை யாரும் தொட்டதில்லை. கணக்கில் மட்டும் இருக்கிறது. ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. மக்கள் பணத்தைத் தொலைப்பது அந்த இடத்தில்தான். முதலில், பொருந்தும் பகுதியைப் பார்ப்போம்.

ஊரே எழுதும் பேரேடு

கணினிக் கோப்பு எதையும் நகலெடுக்கலாம். காலையில் வந்த ஒரே வாழ்த்துப் படம் மதியத்துக்குள் நூறு கைப்பேசிகளில் இருக்கிறது. பணமும் ஒரு கோப்பு என்றால், ஒரே நூறு ரூபாயை மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் ஒரே சமயத்தில் அனுப்பிவிடலாமே? இதைத் தடுக்க பிட்காயின் வரும்வரை ஒரே வழிதான் இருந்தது. நடுவில் ஒரு வங்கி உட்கார்ந்து பேரேட்டை எழுதும். அந்த வங்கியின் நாணயத்தை நாம் நம்ப வேண்டும்.

தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மையும் நாணயம்தான். கொடுக்கல் வாங்கலில் ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லாது என்பதை மொழியே சொல்லி வைத்திருக்கிறது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை, இந்த இரண்டையும் பிரிக்கப் பார்த்தது. யாருடைய நேர்மையையும் நம்பாமல் செல்லுபடியாகும் ஒரு காசு, பிட்காயின். 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் கணக்குப் பக்கம் உருவானது. எழுதியவர் யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

வழி எளிமையானது: பேரேட்டை ஒருவரிடம் கொடுக்காதே, எல்லோரிடமும் கொடு. கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கிறார்களே, அதற்கும் இதுதான் காரணம். பந்தலில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழுந்த தொகையை நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. பிட்காயினில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு அறிவிக்கப்படுகிறது. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை ஒரு பக்கமாகத் தொகுக்கப்பட்டு, முந்தைய பக்கத்தோடு சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. பிளாக்செயின் என்பது இந்தச் சங்கிலி.

வியர்வை எதற்கு?

பக்கத்தை யார் எழுதுவது? யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் ஏமாற்றுக்காரரும் எழுதுவார். ஆகவே எழுதும் உரிமைக்கு ஒரு விலை வைத்தார் சதோஷி. அந்த விலையை மின்சாரத்தில் கட்ட வேண்டும்.

எந்தத் தகவலைக் கொடுத்தாலும் அதை 64 குறிகள் கொண்ட ஒரு வரியாக அரைத்துத் தரும் கணித எந்திரம் ஒன்று உண்டு. ஷா-256 என்று பெயர். மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வெளியே வரும் வரி முற்றிலும் வேறாகிவிடும். எந்த மூலம் எந்த வரியைத் தரும் என்று முன்கூட்டிக் கணிக்க வழியில்லை. அரைத்துத்தான் பார்க்க வேண்டும். பிட்காயின் விதி இது: பக்கத்தோடு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து அரைத்துக்கொண்டே இரு, வெளிவரும் வரி போதுமான பூஜ்ஜியங்களோடு தொடங்கினால் உன் பக்கம் செல்லும். 2009இல் எட்டு பூஜ்ஜியங்கள் போதுமாக இருந்தன. இன்று குறைந்தது 19 வேண்டும். ஒரு பூஜ்ஜியம் கூடினால் வேலை 16 மடங்காகும். மைனிங் என்று சொல்வது இந்தக் குருட்டு அரைப்பைத்தான். 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிட வேகம் பிசகாதபடி கடினத்தை அமைப்பே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவர், அதற்குப் பின் வந்த அத்தனை பக்கங்களையும் மறுபடி அரைக்க வேண்டும்; அதே நேரத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் உலகத்தையும் முந்த வேண்டும். திருட்டு முடியாததல்ல, கட்டுப்படியாகாதது. நல்ல பூட்டு செய்வதும் இவ்வளவுதான்.

யாப்பிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1870களில் டேவிட் ஓ'கீஃப் என்ற கப்பல்காரர் இரும்புக் கருவிகளையும் பெரிய கப்பலையும் கொண்டு கற்களைச் சுலபமாக இறக்கத் தொடங்கினார். ஊரார் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பெரிதாக இருந்தும் அவற்றின் மதிப்பு, தோணியில் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பழைய கற்களைவிடக் குறைவுதான். சுலபமாகப் பெருகும் பொருள் காசாக நிலைக்காது என்பதை அவர்கள் பொருளாதாரப் பாடநூல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பிட்காயினில் ஓ'கீஃபுக்கு இடமில்லை. புதிய பக்கம் எழுதுபவருக்குக் கூலியாகத்தான் புதிய காசு பிறக்கிறது. தொடக்கத்தில் பக்கத்துக்கு 50. ஏறத்தாழ நான்காண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். 2012, 2016, 2020, 2024 என நான்கு முறை பாதியாகி இப்போது 3.125இல் நிற்கிறது. மொத்தம் 2.1 கோடியைத் தாண்டாது. எவ்வளவு எந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினாலும் கடினம்தான் ஏறுமே தவிர, காசு வேகமாகப் பிறக்காது.

மதிப்பு எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் பலர் ஒரு முடிவுக்குத் தாவுகிறார்கள்: மின்சாரம் செலவாகிறது, அளவோ குறைவு, ஆகவே மதிப்பு. இது தவறு. ஊருக்கு வெளியே நாள் முழுக்கக் குழி தோண்டினாலும் உழைப்புதான். அந்தக் குழியை யார் வாங்குவார்கள்? அரிது என்பதும் போதாது. என் கையெழுத்துப் பிரதிகள் உலகில் மிக அரிதானவை.

இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 2017 ஆகஸ்ட் 1 அன்று கிடைத்தது. பக்கத்தின் அளவு பற்றிய சண்டையில் ஒரு தரப்பு பிரிந்து போய் பிட்காயின் கேஷ் என்று தொடங்கியது. அன்றுவரையான பேரேடு இரண்டுக்கும் பொது. அதே 2.1 கோடி வரம்பு, அதே அரைக்கும் முறை. பங்காளிகள் பிரிந்தபோது பாத்திரம் பண்டம்கூடச் சமமாகத்தான் பிரிந்தது. ஆனால் சந்தை இரண்டையும் ஒன்றாக மதிக்கவில்லை. பிரிந்து போனதன் விலை மூத்ததின் விலையில் மிகச் சிறிய பங்காகச் சுருங்கிவிட்டது. நிரலை நகலெடுக்கலாம், அதை ஏற்றுக்கொண்டு வந்து நிற்கும் கூட்டத்தை நகலெடுக்க முடியாது.

ஆக, அரிதும் உழைப்பும் பேரேட்டைப் பொய்யாக்க முடியாமல் காக்கும் வேலிகள். உள்ளே விளைவது மனிதர்களின் விருப்பம். 2010 மே 22 அன்று ஃபுளோரிடாவில் லாஸ்லோ ஹான்யெஸ் என்பவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தபோது, அந்த விருப்பத்துக்கு முதல்முறையாகச் சாப்பாட்டில் ஒரு விலை கிடைத்தது.

நம் ரூபாய்க்கும் தாளில் மதிப்பில்லைதான். ஆனால் அதன் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. வரியை ரூபாயில்தான் கட்ட வேண்டும். அரசு உள்ளவரை அந்தத் தேவை போகாது. பிட்காயினுக்கு அப்படியொரு கட்டாயத் தேவை இல்லை. நிலம்போல் குத்தகை வராது, பங்குபோல் லாபத்தில் பங்கும் வராது. நாளைக்கு இன்னொருவர் வாங்குவார் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே கீழே விரித்த வலை. அதனால்தான் இப்படி ஆடுகிறது: 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கி, ஓராண்டில் 4,000க்குக் கீழே, 2021 நவம்பரில் 69,000 வரை ஏறி, அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே, 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. விருப்பம் கலைந்தால் வேலி மட்டும் மிஞ்சும். ஒரு டாலரிலேயே நிற்கும் என்று கணித விதியை நம்பி விற்கப்பட்ட டெர்ரா யுஎஸ்டி என்ற கணினிக் காசு 2022 மே மாதம் சில நாள்களில் சரிந்தபோது, எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. நம்பிக்கைதான் போனது.

அரசு பின்னால் நிற்பதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. யாப்பை ஆண்ட ஜெர்மானியர், மக்கள் பாதைகளைச் செப்பனிட மறுத்தபோது, கற்களில் கறுப்புச் சிலுவைக் குறி போட்டு, இவை இனி அரசுக்குச் சொந்தம் என்றார்கள். ஊர் ஓட்டமாக ஓடிப் பாதையைச் சரிசெய்தது, குறி அழிக்கப்பட்டது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனதைப் பார்த்த நமக்கு அந்தத் தூரிகையின் பலம் தெரியும். பிட்காயின் பேரேட்டில் குறி போடும் தூரிகை யாரிடமும் இல்லை. போட்ட குறியை அழித்துத் தரும் கையும் இல்லை. பத்திரப்படுத்தும் சிக்கல் முழுவதும் இந்த இரண்டாவது வாக்கியத்திலிருந்து முளைக்கிறது.

பூவா தலையா

உங்கள் பிட்காயின் உங்கள் கைப்பேசியில் இல்லை. வாலட் என்ற பெயர்தான் குழப்பம். பர்ஸ் என்றால் உள்ளே பணம் இருக்க வேண்டுமே. இருப்பது ஓர் எண் மட்டும். பேரேட்டில் இந்த முகவரியில் இவ்வளவு என்று எழுதியிருக்கிறது; அதைச் செலவிட, அந்த முகவரிக்குரிய ரகசிய எண்ணால் கையொப்பமிட வேண்டும். பிரைவேட் கீ என்பது அந்த எண்.

ரகசிய எண்ணிலிருந்து முகவரியைக் கணிப்பது நொடி வேலை. முகவரியிலிருந்து எண்ணுக்குத் திரும்ப, தெரிந்த வழி இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் உடனே சிவக்கிறது. சிவந்த நீரிலிருந்து மஞ்சளையும் சுண்ணாம்பையும் பிரித்தெடுக்கச் சொன்னால் விழிப்போம். கணிதத்தில் இப்படி ஒருவழிப் பாதை போட உதவுவது நீள்வட்ட வளைவு எனப்படும் வடிவியல்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க, ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒரு ரூபாய்க் காசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0. மொத்தம் 128 முறை சுண்ட வேண்டும். முதல் பதினொன்று: தலை, பூ, பூ, தலை, தலை, பூ, தலை, பூ, பூ, பூ, தலை. இதை இரும எண்ணாக வாசித்தால் 1,233. வாலட்களுக்கென்று 2,048 சாதாரண ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. பதினொன்றும் பூவாக விழுந்தால் எண் 0. அதற்குரிய சொல் 'அபாண்டன்'. பதினொன்றும் தலையானால் 2,047, சொல் 'ஜூ'. முதல் நான்கு எழுத்தைக் கொண்டே எந்தச் சொல்லையும் பிரித்தறியலாம். மழையில் நனைந்து பாதி அழிந்த தாளையும் வாசிக்க முடியும். என் 128 முடிவுகளோடு, பிழை பார்க்க நான்கு இலக்கத்தைக் கணினி சேர்க்கும். 132ஐப் பதினொன்றால் வகுத்தால் பன்னிரண்டு சொற்கள். சீட் ஃபிரேஸ் என்று புழங்கும் விதைத் தொடர் இதுதான். அந்தப் பன்னிரண்டிலிருந்து எத்தனை சாவிகளை வேண்டுமானாலும் முளைக்க வைக்கலாம்.

நடுவில் ஒருமுறை ஏழு தலை வரிசையாக விழுந்தது. எட்டாவதை ஒழுங்காகச் சுண்டவில்லை, மறுபடி போடலாம் என்று கை பரபரத்தது. அங்கேதான் ஆபத்து. 128 முறை சுண்டினால் அப்படியொரு வரிசை வருவது சகஜம். அதைச் சகிக்காதது நம் மூளை. மனிதன் 'தற்செயலாக' யோசிக்கும் எதுவும் தற்செயல் அல்ல. பிடித்த பாட்டு வரியைச் சாவியாக்கிக்கொண்டவர்களின் காசு, பாட்டுகளை வரிசையாகச் சோதிக்கும் நிரல்களுக்கு இரையானது.

ஒழுங்காகச் சுண்டினால் எவ்வளவு பலம்? நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஊகங்களைச் சோதிக்கும் எந்திரம் இருந்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போல் ஏறத்தாழ 78 கோடி மடங்கு காலம் வேண்டும். சோம்பலாகச் சுண்டினால்? 2023இல் பழைய வாலட் கருவி ஒன்றில் இந்தக் குறை வெளிப்பட்டது. 128க்குப் பதில் வெறும் 32 சுண்டல் அளவுக்குத்தான் அதில் தற்செயல் இருந்தது. அதாவது 429 கோடி வாய்ப்புகள். கணினிக்கு அது ஒரு கையளவு. பலருடைய காசு போய்விட்டிருந்தது. சொற்கள் பார்க்க அதே மாதிரிதான் இருந்தன.

கல் இருக்கிறது, ஆளைக் காணோம்

யாப் ஒப்புமை இங்கே உடைகிறது. யாப்பின் பேரேடு மனித நினைவு. அது கல்லையும் நினைவில் வைத்திருந்தது, கல்லுக்கு உரியவரையும் வைத்திருந்தது. பிட்காயினின் பேரேடு கல்லை மறப்பதே இல்லை. ஆளை அது அறிந்ததே இல்லை. எண்ணைக் காட்டுபவர் உரியவர். காட்ட முடியாதவர், எவ்வளவு சாட்சி கொண்டுவந்தாலும், அந்நியர்.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவரின் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று 2013இல் குப்பைக் கிடங்குக்குப் போனது. ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்தது. தோண்ட அனுமதி கேட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஸ்டெஃபான் தாமஸ் என்ற மென்பொருளாளரிடம் 7,002 பிட்காயினின் சாவி ஒரு பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது. கடவுச்சொல் எழுதிய தாளைக் காணோம். பத்து முறை தவறினால் பென்டிரைவ் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். எட்டு முறை முடிந்துவிட்டதாக 2021இல் சொன்னார். தொலைந்த காசுகள் எங்கும் போய்விடவில்லை. பேரேட்டில் எல்லோர் கண்முன்னும் கிடக்கின்றன, கடலடிக் கல்லைப் போல.

அடுத்தவர் பெட்டி

சாவி தொலையும் என்ற பயத்தில் பெரும்பாலோர் காசை, அதை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திலேயே விட்டுவைக்கிறார்கள். சாவி அவர்களிடம், நம்மிடம் ஒரு செயலியும் கடவுச்சொல்லும். மறந்தால் மாற்றித் தருவார்கள் என்பது உண்மையான வசதி. ஆனால் நாணயத்தை நம்ப வேண்டாம் என்று தொடங்கிய காசு, மறுபடி ஒருவரின் நாணயத்தை நம்பி நிற்கிறது. இந்திய வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. இதற்கு அதுவும் இல்லை.

டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் திவாலானபோது 8.5 லட்சம் பிட்காயின் காணாமல் போயிருந்தது. பிறகு 2 லட்சம் மட்டும் அகப்பட்டது. 2018 டிசம்பரில் கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன், நம் ஜெய்ப்பூருக்கு வந்திருந்த இடத்தில் நோயால் இறந்தார். வயது 30. சாவிகள் அவர் ஒருவருக்கே தெரியும், அவரோடு போய்விட்டன என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. விசாரித்துப் பார்த்தால், அந்த வாலட்கள் அவர் சாவதற்கு மாதங்களுக்கு முன்பே காலி. போலிக் கணக்குகளில் வாடிக்கையாளர் பணத்தை வைத்து அவர் சூதாடியிருந்ததாக ஒண்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் 2020இல் அறிக்கை தந்தது. பூட்டைப் பற்றி ஊரே கவலைப்பட்டது; பெட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை.

நேர்மையான காவலரும் ஏமாறலாம். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற வேறொரு கணினிக் காசு திருடப்பட்டது. பலர் கையொப்பமிட்டால்தான் திறக்கும் பெட்டி அது. திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது. கையொப்பம் விழுந்ததோ வேறொன்றின் மேல்.

சாவியை வைக்கும் இடம்

இந்த விபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழி தானாகத் தெரியும். கைச்செலவுக்கான சிறு தொகை கைப்பேசி வாலட்டில் இருக்கலாம். சட்டைப் பையில் வைக்கும் பணம் அவ்வளவுதான். பெரிய தொகைக்கு ஹார்ட்வேர் வாலட். பென்டிரைவ் அளவுள்ள இந்தக் கருவிக்குள் பரிமாற்றம் போகும், கையொப்பம் வெளியே வரும். சாவி மட்டும் வெளியே வராது. கணினித் திரை பொய் சொல்லலாம் என்பதால், முகவரியையும் தொகையையும் கருவியின் சொந்தத் திரையில் படித்துவிட்டே பொத்தானை அழுத்த வேண்டும். புதிதாகப் பிரித்த பெட்டியில் சொற்கள் ஏற்கெனவே அச்சிட்டு வந்தால் அது கருவி இல்லை, வலை.

கருவி உடைந்தால் கவலையில்லை; பன்னிரண்டு சொற்கள் இருந்தால் வேறு கருவியில் எல்லாம் திரும்பும். ஆகவே காக்க வேண்டியது சொற்களை. படமெடுக்காதீர்கள், கைப்பேசிப் படங்கள் உங்களுக்குத் தெரியாமலே இணையக் கிடங்குக்கு ஏறிவிடும். கையால் எழுதுங்கள், அல்லது எஃகுத் தகட்டில் பொறியுங்கள். தாளுக்குக் கரையானும் நெருப்பும் எதிரி. இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு கட்டடத்தில். எந்த உதவி மையமும் அந்தச் சொற்களைக் கேட்காது, கேட்பவர் திருடர். தொகை பெரிதென்றால் மூன்று சாவி செய்து, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி அமைக்கலாம். வங்கி லாக்கரை நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்து திறப்பதுபோல. கூடுதலாக, இங்கே ஒரு சாவி தொலைந்தாலும் தாங்கும்.

எல்லாவற்றுக்கும் முன் ஓர் ஒத்திகை. சிறு தொகை அனுப்புங்கள். கருவியை முழுக்க அழியுங்கள். எழுதி வைத்த சொற்களை மட்டும் கொண்டு மீட்டுப் பாருங்கள். காசு திரும்பி வந்த பிறகு மீதியை அனுப்புங்கள். கடைசியாக, உங்களுக்குப் பிறகு யார் அதை எப்படித் திறப்பது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். யாப்பில் மூழ்கிய கல் பேரப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, ஊருக்கு அவர்களைத் தெரியும் என்பதால். இந்தப் பேரேட்டுக்கு யாரையும் தெரியாது.

இந்த அத்தியாயத்தை எழுதும்போது, அன்று சுண்டிக் குறித்த தாளைச் சரிபார்க்கத் தேடினேன். மேசையில் இல்லை, இழுப்பறையிலும் இல்லை. "ஏதோ ஒண்ணும் சைபருமா கிறுக்கியிருந்துச்சே, அதுவா? பழைய பேப்பரோட போட்டுட்டேன்" என்றார் மனைவி. எடைக்குப் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. முதல் பதினொன்றை மட்டும் நல்லவேளையாக வேறொரு நோட்டில் எழுதியிருந்தேன். அந்தச் சொற்களுக்குரிய முகவரியில் ஒரு சல்லிக்காசும் போட்டு வைக்கவில்லை. அதனால் இருவரும் சிரித்துக்கொண்டோம்.